படிக்கட்டில் பீரோ

முதலில் வம்புக்கு வந்தவன் சஞ்சீவி. சூசைமாணிக்கம் அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் முகம் எப்படி இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. சும்மா இருந்த மனுஷனைத் தேடி வந்து சீண்டியவன் அவன்தான். இந்தக் கதையை யார் எப்படித் திருப்பிச் சொன்னாலும் அந்த இடம் மாறாது.

சீண்டியது ஒரே வரியில்.

'உப்புக்காத்து' என்ற ராக் குழு 'ஈரச் சாக்கு' என்று ஒரு புது ஆல்பம் வெளியிட்டிருந்தது. சினிமாவுக்கு வாசிக்காத குழு. எந்தக் கம்பெனியும் காசு போடாமல், தாங்களே பாட்டுக் கட்டி, தாங்களே பதிவு செய்து வெளியிடுகிறவர்கள். பாடுகிறவன் நிக்சன். டிரம்ஸ் தாரணி. பாட்டுக்கு அடியில் கனமாக ஓடுகிற பேஸ் கிட்டார் சூசைமாணிக்கம். மற்ற இரண்டு பேருக்கும் அவருடைய பிள்ளைகள் வயது.

சஞ்சீவி இணையத்தில் பாட்டுகளைப் பற்றி எழுதுகிறவன். ஆல்பத்தைப் பற்றி நீளமாக எழுதி, நடுவில் இப்படிப் போட்டிருந்தான்: "சூசைமாணிக்கத்தின் பேஸ் கிட்டார், யாரோ இரும்பு பீரோவை மாடிப்படியில் இழுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கிறது."

அந்த வரி மட்டும் தனியாகக் கிளம்பி ஊர் சுற்றியது.

பாட்டின் கீழே கருத்து எழுதுகிறவர்கள் பீரோ படம் போட்டார்கள். "பீரோ அங்கிள் வர்றார், வழிவிடுங்க" என்றான் ஒருவன். "எத்தனாவது மாடிக்கு சார்?" என்றாள் ஒருத்தி. "சாவியை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றான் இன்னொருவன். "உயிரே உருகுது", "இதைக் கேட்டபிறகு நான் பழைய ஆள் இல்லை" என்று எழுதியவர்களும் இருந்தார்கள். அவை சூசைமாணிக்கத்தின் கண்ணில் பட்டன. மனசில் நிற்கவில்லை.

அவர் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனாலேயே ஒவ்வொரு கிண்டலும் மெதுவாக, முழுசாக உள்ளே இறங்கியது.

பதில் எழுத விரல் வளையாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று தாரணி காட்டிக்கொடுத்திருந்தாள். பேசினார். பல் விளக்குவதற்கு முன்பே பேசினார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கப் பேசினார். "நீ வாசிச்சுக் காட்டுடா பாப்போம்." "உன் காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்த." "உங்கப்பன் வூட்டு பீரோவாடா?" எத்தனை பேசியும் நெஞ்சு ஆறவில்லை.

ஒன்றை அவர் கவனிக்கவில்லை. குழுவின் படங்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நிக்சன் அவர் போனில் குழுவின் கணக்கைத்தான் திறந்து கொடுத்திருந்தான். அவர் திட்டியதெல்லாம் 'உப்புக்காத்து' என்ற பெயரில், நிக்சன் பாடுகிற படத்தோடு போய் விழுந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை நிக்சன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அங்கிள், உன்னைச் சோறு போட்டு வளத்தாங்களா புண்ணாக்கு போட்டு வளத்தாங்களான்னு நான் ஒரு காலேஜ் பொண்ணைக் கேட்டிருக்கேனாம். நானா கேட்டேன்?"

"கேள்வி சரியான கேள்விதான்."

"அங்கிள்!"

"எத்தனாவது மாடின்னு அவ கேட்டா. நீ இன்னா பண்ணே? சிரிச்சே."

"நான் சிரிக்கல."

"உதட்டை மடிச்சுக்கினே. நான் பாத்தேன்."

நிக்சன் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "சனிக்கிழமை ஆல்பத்தை முழுசா மேடையில வாசிக்கிறோம். ஹால்காரர் போன் பண்ணி, உங்க குழுவுல யாருக்குப்பா வெறி புடிச்சிருக்குன்னு கேக்குறாரு. போனைக் கீழ வச்சுட்டு வந்து வாசிங்க அங்கிள். அது போதும்."

"சஞ்சீவி நாலு பேர் பாக்க மன்னிப்புக் கேக்கட்டும். மேடை ஏறுறேன்."

"கேக்கலன்னா?"

"ஏற மாட்டேன்."

நிக்சன் எழுந்தான். "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடிவாச் சொல்லிடுங்க. இல்லன்னா எங்க அத்தை பையனைக் கூப்பிட்டுக்குவேன். அவனுக்கு எல்லாப் பாட்டும் தெரியும்."

"கூப்பிட்டுக்கோ. நல்லா கூப்பிட்டுக்கோ."

சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் யோசித்தார். அத்தை பையன் வாசிப்பதை அவர் பார்த்திருக்கிறார். சுத்தமாக வாசிப்பான். ஒருமுறை உள்ளே விட்டால் வெளியே வரமாட்டான். கல்யாணக் கச்சேரிகளில் இப்போதெல்லாம் பேஸையும் சேர்த்து கீபோர்டே வாசித்துவிடுகிறது. இந்தக் குழுவும் போனால், இந்த வயதில் அவரை எவன் கூப்பிடுவான்?

அன்றைக்கே அவர் தன் குருவைத் தேடிப் போனார்.

இமாகுலேட் டீச்சர் ராயபுரத்தில், ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்த அறையில் கிட்டார் சொல்லிக்கொடுப்பவர். சூசைமாணிக்கத்தைவிட ரொம்ப இளையவர். கேள்வி ஞானத்திலேயே காலம் தள்ளிய மனுஷன், தலை நரைத்தபிறகு அவரிடம் வந்து, விரலை எங்கே வைப்பது என்று முதலிலிருந்து கற்றுக்கொண்டார். கீழே மில் ஓடுகிற நேரத்தில்தான் டீச்சர் பாடம் எடுப்பார். தரை நடுங்கும். அந்த நடுக்கத்தில் தன் சத்தம் எங்கே நிற்கிறது என்று தெரியாதவன் பேஸ் வாசித்துப் பிரயோஜனம் இல்லை என்பார்.

அன்றைக்கு அவர் ஒரு மாணவியின் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். சூசைமாணிக்கம் உள்ளே வந்ததும் ஸ்டூலைக் காட்டினார்.

"உக்காருங்க அண்ணே."

"உக்காந்தா ஒடம்பு எரியுது டீச்சர்."

"அப்ப நடங்க."

நடந்தார். ஜன்னலிலிருந்து கதவுக்கும், கதவிலிருந்து ஜன்னலுக்கும் நடந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். சஞ்சீவி எழுதியது, பீரோ படங்கள், நிக்சன் உதட்டை மடித்தது, அத்தை பையன். டீச்சர் கம்பியை முறுக்கிக்கொண்டே காது கொடுத்தார்.

"இவனுங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது டீச்சர்? அதைச் சொல்லுங்க."

"யாருக்கு?"

"எல்லாத்துக்கும்தான். பாட்டைக் கேட்டுட்டு வாய்க்கு வந்தபடி பேசுறானுங்களே, அத்தனை பேருக்கும்."

"அத்தனை பேரும் கேட்டிருக்காங்களா?"

"கேக்காமயா பேசுவானுங்க?"

டீச்சர் மிச்சமிருந்த கம்பியை நறுக்கிப் போட்டார்.

"ஆல்பத்தை முதல் பாட்டுலேருந்து கடைசிப் பாட்டு வரைக்கும், நடுவுல நிறுத்தாம கேட்ட ஒரே ஒரு ஆளைப் பாத்துட்டு வாங்க. அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிப்போம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நீங்களே கேட்டிருப்பீங்களே?"

"நான் உங்க டீச்சர். நீங்க தும்முனாக்கூட எனக்குச் சுதியாத்தான் இருக்கும். என்னைச் சேக்காதீங்க."

மறுநாள் காலையில் சூசைமாணிக்கம் காசிமேட்டுக்குப் போனார். மனைவியின் தம்பி லூர்து அங்கே மீன் ஏலம் விடுகிறவன். உறவுக்காரர்களில் அவன்தான் பீரோ பீரோ என்று அதிகமாகக் கத்தியவன். இவர் தலையைப் பார்த்ததும் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"பீரோ மாமா வர்றாரு! வண்டியை ஓரம் கட்டுங்கடா!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சூசைமாணிக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ஆல்பத்தை முழுசா கேட்டியாடா?"

"எந்த ஆல்பம்? ரீட்டா கல்யாண ஆல்பமா?"

"நான் வாசிச்சதுடா."

"ஓ, அதுவா. பீரோ படம் வந்துச்சு, பாத்தேன். சூப்பரா இருந்துச்சு மாமா."

"பாட்டு?"

லூர்து சுற்றிலும் கையைக் காட்டினான். "இந்த எரைச்சல்ல பாட்டா? வூட்டுக்குப் போனா உங்க தங்கச்சி சீரியல் வக்கிது. நான் எங்க மாமா கேக்குறது?"

"அப்ப எதைக் கேட்டுட்டு நீ என்னை பீரோன்ற?"

"எல்லாரும் சொல்றாங்க மாமா."

அங்கிருந்து பெரம்பூருக்குப் பஸ் ஏறினார். "உயிரே உருகுது" என்று எழுதியவன் அங்கே ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுக்கிறான் என்று தாரணி சொல்லியிருந்தாள். பேர் விக்னராஜ். தூண் மாதிரி இருந்தான். இவரைப் பார்த்ததும் தூக்கிவைத்திருந்த பளுவை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"சார்! நீங்களா? நம்பவே முடியல சார்!"

சூசைமாணிக்கத்துக்கு உடம்பு குளிர்ந்தது. ஒரு வாரமாக யாரும் அவரைப் பார்த்து இப்படிச் சிரிக்கவில்லை.

"முழுசா கேட்டியா தம்பி?"

"தினம் கேக்குறேன் சார். 'லிஃப்ட் ரிப்பேர்' பாட்டு போடாம நான் ஒரு நாள்கூட எக்சர்சைஸ் பண்றதில்ல. உங்க பேஸ்தான் சார் அந்தப் பாட்டுக்கே உயிர். அந்த அடி வந்தாத்தான் பளு மேல போவுது."

சூசைமாணிக்கம் அவன் கையை மெதுவாகத் தோளிலிருந்து எடுத்தார். 'லிஃப்ட் ரிப்பேர்' பதிவான அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். அந்தப் பாட்டில் பேஸே கிடையாது.

"மத்த பாட்டு?"

"மத்ததும் கேக்கணும் சார். இன்னொண்ணு ஆரம்பிச்சேன். அது கொஞ்சம் மெதுவாப் போச்சா, கைக்கு ஒத்து வரல."

படம் எடுத்துக்கொண்டான். படத்தில் சூசைமாணிக்கம் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது தானே ஒருமுறை கேட்டுவிடலாம் என்று காதில் மாட்டினார். முதல் பாட்டில் தான் நுழைகிற இடம் வந்ததும் மனசு பரபரத்தது. இந்த இடத்தைத்தான் சொல்கிறார்களோ? போனை எடுத்து, புதிதாக யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தார். எழுதியிருந்தார்கள். படித்து முடிப்பதற்குள் பாட்டு எங்கோ போய்விட்டது. முதலிலிருந்து வைத்தார். அதே இடம் வந்தது. மறுபடி போன். ராயபுரம் வருகிறவரைக்கும் அவர் முதல் பாட்டைத் தாண்டவில்லை.

தாரணி ஒத்திகை அறையில் டிரம்ஸின் திருகுகளை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயாவது முழுசா கேட்டியாம்மா?"

"கேட்டுக் கேட்டு செத்துட்டேன் அங்கிள். ரெண்டாவது பாட்டுல என் கால் ஒரு இடத்துல முந்திடுச்சு. நாலாவதுல சிம்பல் கொஞ்சம் ஓவரு. அஞ்சாவதுல மட்டும்தான் நான் நினைச்ச மாதிரி வந்திருக்கு."

"நான்?"

தாரணி நிமிர்ந்து பார்த்தாள். யோசித்தாள். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது.

"நீங்களும் இருந்தீங்க அங்கிள்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் டீச்சரின் அறைக்குப் படியேறும்போது சூசைமாணிக்கத்தின் முகத்தில் கிட்டத்தட்ட ஒரு சந்தோஷம் இருந்தது.

"ஒருத்தனும் கேக்கல டீச்சர். திட்டுனவனும் கேக்கல, புகழ்ந்தவனும் கேக்கல. கூட வாசிச்ச பொண்ணு அவ டிரம்ஸை மட்டும் கேட்டிருக்கா. அத்தனையும் வெத்து. நான் பதிலே சொல்ல வேணாம், இல்லியா?"

"நீங்க கேட்டீங்களா?"

"நான் வாசிச்சவன்."

"சரி." டீச்சர் அதற்கு மேல் அதைக் கிளறவில்லை. "சஞ்சீவி?"

நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

"அவன் எதுக்கு?"

"அவரும் ஒரு ஆள்தானே?"

"மொதல்ல ஆரம்பிச்சவனே அவன்தான்!"

"அதனாலதான் சொல்றேன்."

"அவன்கிட்ட நான் போறதா? நல்லா கீதே ஞாயம். அவன்ல டீச்சர் என்னைத் தேடி வரணும்? தரவேண்டியவன் அவன். வரவேண்டியது எனக்கு."

"சரி. போய் வசூல் பண்ணிட்டு வாங்க."

இந்த வார்த்தை அவருக்குப் பிடித்திருந்தது. வசூல் பண்ணத்தான் போனார். அண்ணா சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சஞ்சீவிக்குக் கடை என்று நிக்சன் ஒருமுறை சொல்லியிருந்தான். கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டிய ஒருவன் என்று போகிற வழியெல்லாம் மனசில் கட்டிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு ஒரு ஹெல்மெட் கடை. கூரையிலிருந்து கொத்துக் கொத்தாக ஹெல்மெட் தொங்கியது. கீழே மெலிந்த ஒருவன் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சஞ்சீவி யாரு?"

"நான்தான். எந்த சைஸ் சார்?"

"பீரோ சைஸ்."

அவன் கை டிபன் பாக்ஸிலேயே நின்றது. அப்படியே எழுந்தான்.

"சூசைமாணிக்கம் சாரா?"

"ஆமா."

"உக்காருங்க சார்."

"உக்கார வரல. நீ எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இங்க எங்கிட்ட ஒரு தடவை, அப்புறம் நீ எழுதுற எடத்துல எல்லாரும் பாக்க ஒரு தடவை."

சஞ்சீவி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டான். அவசரப்படவில்லை.

"எதுக்கு சார்?"

"எதுக்கா? எழுதுனியே!"

"நல்லா இல்லன்னு எழுதினேன். இப்பவும் நல்லா இல்லதான் சார்."

சூசைமாணிக்கம் தலைக்கு மேலே தொங்கிய ஹெல்மெட்டுகளைப் பார்த்தார். எது கனமானது என்று பார்த்தார்.

"முழுசா கேட்டியா, இல்ல நீயும் அங்கங்க தொட்டுட்டு எழுதினியா?"

"மத்தியானத்துல இங்க யாரும் வரமாட்டாங்க. ஹெட்போனை மாட்டிட்டு முதல் பாட்டுலேருந்து கடைசி வரைக்கும் கேப்பேன். எழுதறதுக்கு முன்னாடி பல தடவை கேட்டேன். எழுதின பிறகும் கேக்குறேன்."

"எழுதுன பொறகு எதுக்கு?"

"தப்பா எழுதிட்டேனோன்னு."

"எழுதிட்டியா?"

"இல்ல சார்."

சஞ்சீவி தொடர்ந்தான்.

"மூணாவது பாட்டு முடியும்போது யாரோ நாற்காலியை நகர்த்துறாங்க. தாரணி ரெண்டாவதுல ஒரு எடத்துல முந்துறாங்க, அடுத்த அடியிலேயே சரி பண்ணிடறாங்க. அப்புறம் கடைசிப் பாட்டு, 'துறைமுகம் மூடியாச்சு.' ரெண்டாவது சரணம் ஆரம்பிக்கும்போது நீங்க இல்ல சார்."

"அது அப்படித்தான் போட்டது."

"இல்ல சார். போட்டதா இருந்தா அதுக்கு முன்னாடியே சத்தத்தை இறக்கிக்கிட்டு வந்திருப்பீங்க. நீங்க சட்டுனு கையை எடுத்துட்டீங்க."

உப்புக்காத்து குழு பதிவு செய்கிற முறை அப்படி. மூன்று பேரும் ஒரே அறையில் நின்று ஒரே மூச்சில் வாசிப்பார்கள். பிறகு ஒருவருடையதை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்த முடியாது. அன்றைக்கு வாசிக்க ஆரம்பிக்கும்போது நிக்சன், பாட்டு நீளமாகப் போகிறது, கடைசியில் வருகிற உங்கள் தனி வாசிப்பை எடுத்துவிடலாம் அங்கிள் என்று சாதாரணமாகச் சொன்னான். சூசைமாணிக்கம் சரி என்றார். இரண்டாவது சரணம் வந்தபோது கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் இல்லாமல் பாடிப் பாருங்கள் என்று ஒரு வரி முழுக்கச் சும்மா நின்றார். இரண்டு பேரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசித்து முடித்ததும், இதுதான் நல்லா வந்திருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இன்றுவரை எவரும் கேட்கவில்லை. நிக்சனும் தாரணியும் தனக்குச் செய்த அநியாயங்களில் அதையும் சேர்த்தே அவர் வைத்திருந்தார்.

"யார் மேலயோ கோபம் சார் அது" என்றான் சஞ்சீவி. "திரும்ப உள்ள வரும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றீங்க. அங்கேருந்து முடியற வரைக்கும் நீங்க பாட்டைத் தூக்கிக்கிட்டுப் போகல, இழுத்துக்கிட்டுப் போறீங்க. படியில இடிக்குது. அந்த எடத்தைத்தான் எழுதினேன்."

"மத்த பாட்டுல?"

"மத்தது பரவால்ல சார்."

"பரவால்லயா?"

"பரவால்ல."

ஒரு பெண் மகளோடு வந்து கடை முன்னால் வண்டியை நிறுத்தினாள். சஞ்சீவி ஒரு சின்ன ஹெல்மெட்டை எடுத்து அந்தப் பெண்குழந்தையின் தலையில் வைத்துப் பார்த்தான். வைத்தபடியே சொன்னான்.

"நாளைக்கு வர்றேன் சார். டிக்கெட் எடுத்துட்டேன்."

"நான் வாசிக்கல. சொல்லிட்டேன்."

"அப்படியா?" சஞ்சீவி திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் சூசைமாணிக்கத்துக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மன்னிப்பு?"

"எழுதினது தப்புன்னு எனக்குத் தோணுச்சுன்னா நானே உங்க வீட்டுக்கு வந்து கேப்பேன் சார். இன்னும் தோணல."

குழந்தையின் தாடைக்குக் கீழே வாரைப் பொருத்தினான். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டான். அதற்கு மேல் அங்கே நிற்பதற்குக் காரணம் இல்லை.

சாயங்காலம் டீச்சரின் அறைக்கு வந்தபோது கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. சூசைமாணிக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"ஒருத்தன் கேட்டிருக்கான் டீச்சர்."

"யாரு?"

"அவன்தான்."

டீச்சர் கையிலிருந்த கிட்டாரைச் சுவரில் சாய்த்துவைத்தார். சூசைமாணிக்கம் கடையில் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் ஏறி இறங்கியது.

"பக்கத்துல நின்னு வாசிச்ச ரெண்டு பேருக்குத் தெரியல. மூஞ்சியே பாக்காத ஒருத்தன், நான் கையை எடுத்ததைச் சொல்றான். கோவத்துல எடுத்தேன்றான்."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன். எடுக்க வச்சானுங்க."

"ம்."

"பதில் யோசிப்போம்னீங்களே டீச்சர். ஆளைப் பாத்துட்டு வந்துட்டேன்ல? சொல்லுங்க. அவனுக்கு நான் இன்னா சொல்றது?"

"அவர் மன்னிப்புக் கேட்டாரா?"

"இல்ல. தப்புன்னு தோணுனா வருவானாம். எப்பத் தோணும்? என்னைப் பொட்டியில வச்சு மூடுன பொறகா?"

"தெரியல அண்ணே."

"அப்ப எனக்கு வரவேண்டியது?"

"வரவேண்டியதுதான். இல்லன்னு நான் சொல்லல."

சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். நிக்சன். அவர் பேசவில்லை, நிறுத்தவும் இல்லை. அது தானாக அடித்து ஓய்ந்தது.

"வரலன்னு சொல்லிடவா டீச்சர்?"

"சொல்லுங்க."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. போனையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து ஜன்னல்வரைக்கும் போனார். கீழே யாரோ கோதுமை மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தார்.

"சொல்லிடுறேன். அத்தை பையன் வாசிக்கட்டும். சுத்தமா வாசிப்பான். நான் இல்லன்னா அந்த ஹால்ல எவனுக்கு டீச்சர் தெரியப்போவுது? அத்தனை பேரும் பீரோ படம் பாத்தவனுங்க."

போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

டீச்சர் சொன்னார். "நீங்க இல்லாததும் சஞ்சீவி காதுல விழும் அண்ணே."